சபைக்கு முன் சாரம்மாள் சொன்னது

பாளையங்கோட்டையில் மிஷன் பங்களாவுக்குப் பின்புறம், பாளையங்கால்வாய்த் தண்ணீர் பாயும் முசுக்கட்டைத் தோட்டத்தின் கோடியில், ஓலை வேய்ந்த நீளமான கொட்டில் ஒன்று இருந்தது. பட்டுப்பூச்சி வீடு என்று அதற்குப் பேர். விதவைகளும் புருஷன் கைவிட்ட பெண்களும் அங்கே புழுவுக்கு இலை நறுக்கிப் போட்டு, கூடு பறித்து, நூல் இழுத்துக் கஞ்சி குடித்தார்கள். அதில் முட்டை அறை மட்டும் சாரம்மாளின் பொறுப்பில் இருந்தது.

சாரம்மாள் முப்பது வயதைத் தாண்டியவள். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத வாய். புருஷன் சத்தியநேசன் கங்காணியோடு கண்டித் தோட்டத்துக்குப் போனவன், அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான். போய் எத்தனையோ மாதம் கழித்து, இன்னாருக்கு இப்படி ஆகிவிட்டதாம் என்று யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பிள்ளை இல்லை. இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது தங்கை தேவமணி ஒருத்திதான்.

தாய் இறந்தபோது தேவமணி தவழ்கிற குழந்தை. அவளை இடுப்பில் சுமந்து, சோறூட்டி, பேன் பார்த்து, கீர்த்தனை சொல்லிக்கொடுத்து ஆளாக்கியவள் சாரம்மாள். அக்காளுக்கு நேர்மாறாக வளர்ந்தாள் தேவமணி. ஓயாத பேச்சு, ஓயாத சிரிப்பு. கோவிலில் பாட்டு ஆரம்பித்தால் அவள் குரல் மற்ற குரல்களுக்கு மேலே தனியாகக் கேட்கும். நாங்குநேரிக்குத் தெற்கே, வள்ளியூர் ரஸ்தாவை ஒட்டிய கிறிஸ்தவ ஊர் ஒன்றில் எலியேசர் என்பவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எலியேசருக்குக் கொஞ்சம் வயலும் ஒரு கிணறும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. குடிக்காதவன், கை நீட்டாதவன், ஞாயிறு தவறாதவன். தங்கை நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்று சாரம்மாளுக்கு மனசு நிறைந்திருந்தது.

தலைப்பிரசவத்துக்குத் தேவமணியை அழைத்துவரச் சாரம்மாள் புறப்பட்ட சமயம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓடைகள் பெருகி ரஸ்தாவை அறுத்துக்கொண்டு போயின. வண்டி போகவில்லை. தண்ணீர் வடிந்து அவள் போய்ச் சேர்ந்தபோது பிரசவம் முடிந்திருந்தது. பிள்ளை செத்தே பிறந்ததாம். தேவமணிக்கு ஜன்னி கண்டிருந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது, கண் மேலே சொருகியது, பல் கிட்டிக்கொண்டது. பிழைக்கமாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டுவிட்ட பிறகு காய்ச்சல் இறங்கியது. எலியேசர் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னான்.

ஆனால் காய்ச்சலோடு சேர்ந்து வேறொன்றும் போய்விட்டிருந்தது. தேவமணி பேசவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. வாயில் சோற்றை வைத்தால் மென்று விழுங்கினாள், கையைப் பிடித்து இழுத்தால் நடந்தாள், விட்டால் விட்ட இடத்தில் நின்றாள். முகத்துக்கு நேரே போய் நின்று, “ஏட்டி, நான் அக்கா வந்திருக்கேன்” என்று சாரம்மாள் சொன்னாள். தங்கையின் கண்கள் அவள் மேல் பட்டு, அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றன. கொஞ்ச நாள் போனால் சரியாகும் என்றார்கள். மாதங்கள் போயின. சரியாகவில்லை. எலியேசர் மனம் சலிக்காமல் பார்த்துக்கொள்கிறான் என்ற ஆறுதலோடு சாரம்மாள் மறுபடியும் முட்டை அறைக்கு வந்து சேர்ந்தாள்.

முட்டை அறையில் வேலை இதுதான். கூட்டைத் துளைத்து வெளியே வரும் பூச்சிகளில் ஆணையும் பெண்ணையும் பிரிக்க வேண்டும். இணை சேர்க்க வேண்டும். பிறகு விலக்கி, பெண்ணைக் காகிதத்தின் மேல் விட்டு முட்டையிட வைக்க வேண்டும். பட்டுப்பூச்சிக்கு இறக்கை உண்டு, பறக்காது. இரையும் எடுக்காது. முட்டையிடுவதற்கென்றே வெளியே வந்து, இட்டு முடித்ததும் செத்துப்போகும்.

மிஷன் பங்களாத் துரையின் தங்கை ஒருவர் சீமையிலிருந்து வந்து அந்தக் கொட்டிலை நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எல்லோரும் மிஸ்ஸியம்மா என்றே கூப்பிட்டார்கள். அவர் தம் ஊரில் பூச்சிகளைப் பற்றிப் படித்தவர். பட்டு விற்பதைவிடப் பூச்சிக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்தான் அவருக்கு அக்கறை அதிகம். ஒரு நாள் காலையில் விரல் நீளமே இருந்த கத்தரிக்கோல் ஒன்றைக் கொண்டுவந்து சாரம்மாளிடம் கொடுத்தார். பெண் பூச்சிகளில் சிலவற்றின் தலையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும், வெட்டிய இடத்தில் மெழுகு வைத்து அடைக்க வேண்டும், பிறகு அவை என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும் என்றார்.

முதல் பூச்சியைப் பிடித்தபோது சாரம்மாளுக்குக் கை கூசியது. மாவு போன்ற வெள்ளைப் பொடி விரலில் ஒட்டியது. கத்தரி பட்டதும் தலை எள்ளுபோல் உதிர்ந்து விழுந்தது. பூச்சி சாகும் என்று நினைத்தாள். அது சாகவில்லை. கால்களை ஊன்றி நின்றது, இறக்கையை அசைத்தது. அருகே ஆண் பூச்சியை விட்டபோது, தலையில்லாத அந்த உடம்போடு அது இணை சேர்ந்தது. அந்த உடம்பு விலகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மறுநாள் காகிதத்தில் மஞ்சள் மஞ்சளாய் முட்டை கிடந்தது.

சாரம்மாள் அதைப் பார்த்துச் சிலுவைக்குறி போடுகிற பழக்கமுள்ளவளாக இருந்திருந்தால் போட்டிருப்பாள். அவள் சபையில் அந்த வழக்கம் இல்லாததால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மிஸ்ஸியம்மா செத்த பூச்சி ஒன்றைக் கீறி, பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். வயிற்றின் அடிப்புறமாக ஒரு வெள்ளை நூல் ஓடியது. வழி நெடுக அதில் முடிச்சுகள் இருந்தன. தலையில் இருக்கும் பெரிய முடிச்சுதான் மூளை, ஆனால் முட்டையிடுகிற வேலையை வாலருகில் உள்ள கடைசி முடிச்சே செய்துவிடுகிறது, அதற்கு மூளை வேண்டியதில்லை என்று மிஸ்ஸியம்மா தமக்குத் தெரிந்த வேதப்புத்தகத் தமிழில் விளக்கினார்.

அப்படியானால் தலை எதற்கு என்று சாரம்மாள் கேட்டாள்.

அதற்கும் பதில் அந்தக் காகிதங்களிலேயே இருந்தது. ஆண் சேராத பூச்சி, தலை இருக்கும்வரை முட்டையை அடக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அதே பூச்சியின் தலையை எடுத்துவிட்டால், வயிற்றை லேசாகத் தொட்டாலே சில பூச்சிகள் முட்டையை விட ஆரம்பித்தன. தலையுள்ள பூச்சி இடம் பார்த்து, நகர்ந்து நகர்ந்து, ஒன்றோடொன்று இடிக்காமல் முட்டையைப் பரப்பி வைத்தது. தலையில்லாதது நின்ற இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவித்தது.

“தலை உள்ளவள் காத்திருக்கிறாள், இடம் தேடுகிறாள், வேண்டாம் என்கிறாள்” என்றார் மிஸ்ஸியம்மா. “மற்றதெல்லாம் தலை இல்லாமலே நடக்கும்.”

சாரம்மாள் கேட்டுக்கொண்டாள். வேலையைச் செய்தாள். கை கூசுவதும் நாளடைவில் நின்றுவிட்டது.

மேலப்பாளையத்துத் துணி வியாபாரி காஜா முகைதீன் வள்ளியூர்ச் சந்தைக்கு மாதம் ஒருமுறை போய்வருகிறவர். போகும் வழியில் தேவமணியின் ஊரில் வண்டியை நிறுத்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். சாரம்மாளுக்குத் தங்கையைப் பற்றிய செய்தி பெரும்பாலும் அவர் மூலமாகத்தான் வரும். ஒரு நாள் பட்டுப்பூச்சி வீட்டு வாசலில் நின்று, சந்தோஷச் செய்தி சொல்லும் முகத்தோடு அவளைக் கூப்பிட்டார்.

“அம்மா, ஒங்க தங்கச்சி முழுகாம இருக்காவளாம். ஊரெல்லாம் பேச்சு. அல்லா கண்ணைத் தொறந்துட்டான்.”

சாரம்மாளுக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியபோது வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் போன பிறகும் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த அறைக்குள் தான் தினமும் கையால் செய்துகொண்டிருந்தது என்ன என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாளே புறப்பட்டுப் போனாள். தேவமணி சுத்தமாக இருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது, சேலை துவைத்து உடுத்தியிருந்தது. எல்லாம் எலியேசரின் கை வேலை. அவனே குளிப்பாட்டி, அவனே ஊட்டி, அவனே படுக்க வைக்கிறான் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அவனைப் புகழ்ந்தார்கள். தேவமணியின் வயிறு மேடிட்டிருந்தது. கண்கள் முன்பு போலவே சுவரில் நின்றன.

சாரம்மாள் எலியேசரைத் தனியே கூப்பிட்டு, தங்கையைத் தன்னோடு அனுப்பச் சொன்னாள். பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி இருக்கிறது, முதல் பிரசவத்தில் நடந்தது மறுபடியும் நடந்தால் இங்கே யார் பார்ப்பது என்றாள். அவன் மறுத்தான். பிறகு அவள் சொல்ல வந்ததைச் சொன்னாள். அறிவில்லாமல் கிடக்கிறவளை இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள்.

எலியேசரின் முகம் சுருங்கியது. ஆனால் கோபப்படவில்லை.

“அவளுக்குப் புத்தி திரும்புது மதினி. இல்லாட்டா வயித்துல எப்படிப் பிள்ளை தங்கும்? என்னை அவ ஒரு நாளும் தள்ளல. கர்த்தர் அவளைக் கொஞ்சங்கொஞ்சமா எனக்குத் திருப்பித் தாரார்.”

அவன் அதை நம்பினான். ஊரும் நம்பியது. கோவிலில் தேவமணிக்காக நன்றி ஜெபம் நடந்திருந்தது. அந்த நம்பிக்கையோடு சண்டை போடச் சாரம்மாளிடம் வார்த்தை இல்லை. விஷயத்தைச் சபைக் கமிட்டியிடம் கொண்டுபோவது ஒன்றே வழி என்று தோன்றியது.

பாளையங்கோட்டைக்குத் திரும்பி மிஸ்ஸியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கமிட்டிக்கு நீங்கள் வந்து, தலையில்லாத பூச்சி செய்வதைச் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பார்கள் என்றாள். மிஸ்ஸியம்மா பூதக்கண்ணாடியைத் துடைத்து உறையில் வைத்தார். பிறகு மாட்டேன் என்றார்.

“பூச்சிக்குள் நான் கண்டதைப் பூச்சிக்குத்தான் சொல்லலாம், சாரம்மாள். மனுஷிக்கு அதையே சொன்னால், எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொன்னவள் ஆவேன்.”

அதில் நியாயம் இருந்தது. சாரம்மாளுக்கே அது புரிந்தது. புரிந்தும், மிஸ்ஸியம்மாவின் வெள்ளை வெளேரென்ற சட்டைக் கையையும் அதிலிருந்த பித்தளைப் பொத்தான்களையும் பார்த்துக்கொண்டே, இவர் ஒருநாளும் எதற்கும் பயந்திருக்கமாட்டார் என்று கசப்போடு நினைத்தாள்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்பார்கள். தானியேல் ஐயர் நல்ல மனுஷர், மெதுவாகப் பேசுகிறவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவமணியின் ஊர்க் கோவிலுக்குள்ளேயே கமிட்டி கூடியது. உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் பாயில் இருந்தார்கள். எலியேசர் எழுந்து, தான் கல்யாணத்தன்று நோயிலும் சுகத்திலும் கைவிடமாட்டேன் என்று இதே இடத்தில் சத்தியம் செய்ததையும், அதை இன்றுவரை காப்பாற்றுவதையும் சொன்னான். தேவமணிக்குப் புத்தி தெளிந்துவருவதற்கு அவள் வயிறே சாட்சி என்றான். பெஞ்சில் தலைகள் அசைந்தன.

சாரம்மாளைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். அத்தனை ஆண்கள் முன்னால் அவள் பேசியதே இல்லை. என்ன சொல்லலாம் என்று வண்டியில் வரும்போது ஒழுங்குபண்ணி வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“ஐயரே, நான் முட்டை அறையில வேலை பாக்குதேன். தலையை வெட்டி எடுத்த பூச்சியும் ஆணைச் சேருது. முட்டையும் இடுது. என் கையால வெட்டி, என் கண்ணால பாத்தேன். பிள்ளை தங்குனதுக்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை. இவிய சொல்லுதாவ, அவ தள்ளலன்னு. தள்ளுததுக்கு அவளுக்குள்ள ஆள் இல்லை ஐயரே.”

பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். உபதேசியார் எழுந்து, கர்த்தருடைய ஆலயத்தில் பேசுகிற பேச்சா இது என்றார். இன்னொருவர், மிஷன் வீட்டில் பெண்களுக்கு இதையா கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். தானியேல் ஐயர் கையமர்த்தினார். அவர் முகமும் வெளுத்திருந்தது. தேவசாயலாகப் படைக்கப்பட்ட ஓர் ஆத்துமாவைப் பூச்சியோடு சேர்த்துப் பேசியது பெரிய குற்றம் என்று அவர் சொன்னார். கட்டிய புருஷனையும் மனைவியையும் பிரிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்றும், தேவமணி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றும் தீர்ப்பானது. சாரம்மாள் மனம் திரும்பும்வரை திருவிருந்தில் அவளுக்கு அப்பமும் ரசமும் இல்லை.

இவ்வளவும் நடக்கும்போது எலியேசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒருமுறை அவனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

அவள் வந்து சேர்வதற்கு முன்பே செய்தி பாளையங்கோட்டைக்கு வந்திருந்தது. மிஸ்ஸியம்மாவைத் துரை கூப்பிட்டுப் பேசினார். அதோடு கத்தரிக்கோல் முட்டை அறைக்கு வரவில்லை. சாரம்மாளை வேலையை விட்டு நிறுத்தவில்லை, இலை நறுக்குகிற பக்கம் மாற்றினார்கள். கூட இருந்த பெண்கள் அவள் பக்கத்தில் உட்காருவதைத் தவிர்த்தார்கள். தலை வெட்டுகிறவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். கண்ணெதிரே யாரும் எதுவும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

பிரசவ மாதம் நெருங்கியதும் சாரம்மாள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வண்டியேறினாள். போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஒரு நாளாகியிருந்தது. பெண் குழந்தை, நல்ல தேகம், நல்ல அழுகை. எலியேசர் அவளை வாசலில் மறிக்கவில்லை. வந்தது நல்லது என்றான். அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

பேறு பார்த்தவள் கோமு, பக்கத்து ஊர்க்காரி. மறுநாளும் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு, புறக்கடையில் கை கழுவிக்கொண்டே சாரம்மாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எத்தனையோ பேறு பாத்துட்டேன் தாயி. ஒரு முனகல் இல்லாம பெத்தவளை இப்பதான் பாக்குதேன். இவ பெத்தான்னு சொல்ல மனசு வரல. அதுவா பொறந்துச்சு.”

தேவமணிக்குப் பால் சுரந்தது. குழந்தையை மார்பில் வைத்தால் குடித்தது. அதைப் பார்க்கப் பார்க்க எலியேசருக்கு நம்பிக்கை பெருகியது. பிள்ளையின் முகம் பார்த்துப் பார்த்துத்தான் தாய்க்கு நினைவு திரும்பும், அதனால் இரண்டு பேரையும் பிரிக்கக்கூடாது என்றான். சாரம்மாள் கெஞ்சினாள்.

“பாலு அதுவா சொரக்கும் தம்பி. பிள்ளையைப் பாத்துக்கிடணும்கிறது அதுவா வராது. நீங்க பக்கத்துல இல்லாம அவகிட்ட விட்றாதீங்க.”

சரி என்றான். அவள் உத்தரத்தில் சேலையால் தொட்டில் கட்டினாள். பசிக்கிற வேளைக்கு மட்டும் குழந்தையைத் தங்கையின் மார்பில் வைத்து, குடித்து முடிக்கும்வரை தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி தொட்டிலில் இட்டாள். குழந்தைக்குத் தேவமணியின் புருவம் இருந்தது. சிறுவயதில் தேவமணியைச் சுமந்த அதே இடுப்பில் இதையும் சுமப்போம் என்று சாரம்மாள் நினைத்தாள். கமிட்டியையும் இலைக்கொட்டிலையும் அந்த நாட்களில் மறந்தே போனாள்.

ஒரு நாள் முற்பகலில் தீட்டுத்துணி துவைக்கக் கிணற்றடிக்குப் போனாள். எலியேசர் வீட்டில் இருந்தான். குழந்தை அழுதது. அவனே தூக்கித் தேவமணியின் பக்கத்தில் கிடத்தி, மார்பைக் கொடுத்தான். அழுகை நின்றது. தாயும் பிள்ளையுமாய்க் கொஞ்ச நேரம் தனியே இருக்கட்டும் என்று, மாட்டுக்கு வைக்கோல் போட வெளியே வந்தான். தேவமணி ஒருக்களித்துக் கிடந்தவள், உடம்பு எப்போதும் புரள்வதுபோல் மறுபக்கம் புரண்டாள்.

சாரம்மாள் ஈரத்துணியோடு உள்ளே வந்தபோது தேவமணி குப்புறக் கிடந்தாள். பாயும் சேலையும் பாலில் நனைந்திருந்தன. குழந்தையின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. துணியைக் கீழே போட்டுவிட்டுத் தங்கையைப் புரட்டித் தள்ளிக் குழந்தையை எடுத்தாள். முகத்தில் ஊதினாள், முதுகைத் தட்டினாள், காலைப் பிடித்துத் தொங்கவிட்டாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது எலியேசர் கையில் வைக்கோலோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். தேவமணியின் கண்கள் கூரையில் இருந்தன.

ஞானஸ்நானம் ஆகாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். நன்றி ஜெபம் சொன்ன ஊர் இப்போது, பிள்ளையைக் கொன்ற பைத்தியக்காரி என்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை அந்த வாசல் பக்கம் விடவில்லை. தேவமணியைச் சாரம்மாள் அழைத்துக்கொண்டு போகலாமா என்று யாரும் கேட்கவில்லை, கமிட்டியும் கூடவில்லை. எலியேசரே வண்டி பூட்டினான். பாளையங்கோட்டை வரும்வரை அவன் மாட்டைக்கூட அதட்டவில்லை, அவை தம் இஷ்டத்துக்கு நடந்து வந்தன.

பிள்ளை போன பிறகும் தேவமணிக்குப் பால் நிற்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பால் வற்றுவதற்காகச் சாரம்மாள் மல்லிகைப் பூவைக் குவியலாக வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அவள் குடியிருந்த சின்ன அறை முழுக்கக் கல்யாண வீடுபோல் மணத்தது. அந்த மணத்தில்தான் அவள் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

மிஸ்ஸியம்மா ஒருமுறை வந்து பார்த்தார். தேவமணியின் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண் முன்னால் விரலை ஆட்டிப் பார்க்கவோ நாடி பிடிக்கவோ இல்லை. போகும்போது, நான் அன்று வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். வந்திருந்தால் மட்டும் கேட்டிருப்பார்களா என்று சாரம்மாளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் புழுக்களுக்கு நோய் கண்டு தட்டுத் தட்டாகக் கறுத்துச் செத்தன. கொட்டிலை மூடினார்கள். மிஸ்ஸியம்மா கப்பலேறினார். சாரம்மாளுக்கு லேஸ் பின்னுகிற வேலை கிடைத்தது. அதை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் அவளுக்கு அது வசதியாக இருந்தது.

அதன்பிறகு பத்து வருஷத்துக்கு மேல் தேவமணி இருந்தாள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முடி கருகருவென்று வளர்ந்தது, மாதம் தவறாமல் விலக்கானாள், கன்னம் சதை போட்டது. தெரியாதவர் பார்த்தால் ராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். சாரம்மாளுக்குத்தான் தலை நரைத்தது. ஊட்டுவாள், கழுவுவாள், ஆற்றுக்கு அழைத்துப்போய் முழங்கால் தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டுவாள். பழைய கீர்த்தனைகளை அவள் காதருகே பாடிப் பார்ப்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். சில நாட்களில் தங்கையின் மேல் வெறுப்பு வரும். மென்றுகொண்டே இருக்கும் அந்த வாயைப் பார்க்கப் பிடிக்காது. தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு, மறுபடி வந்து ஊட்டுவாள். திருவிருந்துக்கு வரலாம் என்று தானியேல் ஐயர் சொல்லியனுப்பினார். மனம் திரும்பியதாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டனுப்பினாள். வேண்டாம் என்று பதில் வந்தது. அதன்பிறகே போனாள்.

எலியேசர் அறுப்பு முடிந்ததும் நெல் கொண்டுவந்து இறக்குவான். வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில் அந்த விஷக்காய்ச்சல் வந்தது. பாளையங்கோட்டையில் வீட்டுக்கு வீடு படுத்தார்கள். சாரம்மாளும் படுத்து எழுந்தாள். தேவமணி எழவில்லை. குழி தோண்டுகிறவர்களே காய்ச்சலில் கிடந்தார்கள். செய்தி கேட்டு வந்த எலியேசர் மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டினான். ஜெபம் சொல்ல ஆள் வரத் தாமதமானது. வந்தவர் இரண்டு வசனம் வாசித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் எலியேசர் முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வந்தான். தேவமணி உட்கார்ந்திருக்கும் பாய் சுருட்டி மூலையில் சாத்தியிருந்தது. அவன் அதற்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கையெல்லாம் செம்மண். முடி உதிர்ந்து, கிழவன் போலிருந்தான்.

“அன்னைக்குக் கோவில்ல நீங்க சொன்னது எனக்கு அப்பவே வெளங்கிட்டு மதினி” என்றான். “வெளங்காத மாதிரி இருந்தேன்.”

சாரம்மாள் அவனைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அவன் எதிரில் சொல்லவேண்டும் என்று அவள் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்தவை நிறைய இருந்தன. அவற்றில் ஒன்றும் நாவுக்கு வரவில்லை. மன்னித்தேன் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

“கையைக் கழுவிட்டு வாங்க தம்பி. சோறு இருக்கு.”

அவன் எழுந்து கிணற்றடிக்குப் போனான். வாளி உள்ளே விழுகிற சத்தமும் ஏறுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருந்தன. கை கழுவுவதற்கு அவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. சாரம்மாள் அவனைக் கூப்பிடவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.